பெரிய ரவுட்டர் போதாது, இரண்டாவது வழி வேண்டும்



பதிவு நீளம்தான். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். வகுப்பில் 45 நிமிஷம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள், இன்னும் ஒரு பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்ள மாட்டீர்களா?

போன வாரம் ஒரு சின்னப் பதிவு போட்டிருந்தேன். ஓய்வூதியர்கள் வருஷத்துக்கு ஒருமுறை "நான் உயிரோடுதான் இருக்கிறேன்" என்று பதிவு செய்ய வேண்டும் இல்லையா, அதற்குப் போயிருந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. மூன்று மணி நேரம் காத்திருந்த பிறகு "நெட் இல்லை, நாளைக்கு வாங்க" என்றார்கள். கவுன்ட்டரில் இருந்த தம்பி என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவன். அவன் சொன்னான்: "சார், நீங்க உயிரோட இருக்கீங்கன்னு எனக்குத் தெரியுது. நெட்டுக்குத் தெரியணுமே." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் கைத்தடியோடு நின்ற அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டோவுக்குப் போக வர 200 ரூபாய் அவர் கையில் இருந்துதான் போயிற்று.

அந்தப் பதிவுக்கு வந்த கருத்துகளில் இரண்டு என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டும் நான் மதிக்கிற பிள்ளைகள் எழுதியவை. ஒருவர் பெங்களூருவில் நெட்வொர்க் வேலையில் இருக்கும் என் பழைய மாணவர். "சார், இதெல்லாம் பழைய ரவுட்டர் பிரச்சனை. இப்ப வர்ற கோர் ரவுட்டர் ஒவ்வொண்ணும் 260 டெராபிட். அதைப் போட்டுட்டா இந்தப் பேச்சே இருக்காது" என்றார். இன்னொருவர் என் தங்கை மகன். "மாமா, ஆளுக்கொரு நெட்வொர்க் வெச்சுக்கிட்டு காசை வீணாக்கறாங்க. எல்லாத்தையும் ஒரே பெரிய நெட்வொர்க்கா ஆக்கிட்டா செலவும் மிச்சம், வேகமும் கூடும்" என்றார்.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதில்: இல்லை. நீங்கள் சொல்கிற இரண்டையும் செய்த நாடுகள் இருக்கின்றன. என்ன ஆயிற்று என்பது விசாரணை அறிக்கைகளாகவே வந்திருக்கிறது. படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் ரவுட்டர் என்றால் என்ன என்று என்னைப் போன்ற பெரிசுகளுக்கும் புரியும்படி சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் மூலையில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் டப்பாவும் ரவுட்டர்தான். ஆனால் நான் சொல்வது இணைய சேவை தரும் பெரிய கம்பெனிகளின் நடு மையத்தில், பீரோ அளவுக்கு நிற்கிற கோர் ரவுட்டரை. லட்சக்கணக்கான வீடுகளின் போக்குவரத்து அதன் வழியாகத்தான் போகிறது.

அதன் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2004-ல் சிஸ்கோ சிஆர்எஸ்-1 என்ற ரவுட்டரைக் கொண்டுவந்தபோது, பல அலமாரிகளை ஒன்றாக இணைத்தால் நொடிக்கு 92 டெராபிட் என்றார்கள். உலகமே வாயைப் பிளந்தது. 2019-ல் வந்த அவர்களுடைய 8000 வரிசையில் 8818 என்ற ஒரே அலமாரி 260 டெராபிட். ஜூனிப்பர், நோக்கியா, ஹுவாவே ஆகியோரும் இதே பந்தயத்தில் இருக்கிறார்கள். கணக்கு வாத்தியார் அல்லவா, போட்டுப் பார்த்தேன். 5 ஜிபி அளவுள்ள ஒரு சினிமா என்றால் 40 ஜிகாபிட். 260 டெராபிட் என்பது 2,60,000 ஜிகாபிட். வகுத்தால் 6,500. ஒரு நொடியில் 6,500 சினிமாப் படங்கள்! மனித மூளையின் சாதனைதான். கைதட்டுகிறேன்.

ஆனால் பிள்ளைகளே, அந்த 260 என்பது எதை அளக்கிறது என்று கேட்டீர்களா? சாமான் எவ்வளவு தள்ளும் என்பதை மட்டும் அளக்கிறது. ரவுட்டருக்கு இரண்டு வேலை உண்டு. இரண்டாவது வேலையை விளம்பரத்தில் போட மாட்டார்கள்.

ரயில்வே ஸ்டேஷன்களில் ஆர்.எம்.எஸ். இருந்தது ஞாபகம் இருக்கிறதா? ராத்திரி முழுக்கக் கடிதங்களைப் பிரித்து அறைகளில் போடுவார்கள். நல்ல சார்ட்டர் பேரைப் பார்த்த மாத்திரத்தில் வீசுவார், கை மின்னல் மாதிரி போகும். அது முதல் வேலை. ஆனால் எந்த ஊர்க் கடிதம் எந்த ரயிலில் போக வேண்டும் என்ற பட்டியல் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாலம் உடைந்தால், ரயில் நேரம் மாறினால், பட்டியலைத் திருத்த வேண்டும். அது இரண்டாவது வேலை. ரவுட்டரிலும் அப்படியே. பொட்டலங்களைத் தள்ளுவது அதற்கென்றே செய்த சிப்புகளின் வேலை. எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியலை வைத்துத் திருத்திக்கொண்டே இருப்பது தனி மூளை. இன்று உலக இணையத்தின் முழுப் பட்டியல் சுமார் 10 லட்சம் வழிகள். ஒரு நெட்வொர்க் இன்னொரு நெட்வொர்க்கிடம் "என் வழியாக இந்த முகவரிகளுக்குப் போகலாம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பேச்சுக்குப் பெயர் பிஜிபி.

இந்தப் பட்டியல் வழிந்தால் என்ன ஆகும் என்று 2014 ஆகஸ்ட் 12-ஆம் தேதியே உலகம் ஒரு மாதிரித் தேர்வு எழுதியது. பட்டியல் 5 லட்சத்து 12 ஆயிரத்தைத் தாண்டியது. அதற்குமேல் எழுத இடமில்லாத பழைய ரவுட்டர்கள் பல இடங்களில் தடுமாறின. கடிதங்கள் கூடியதால் தடுமாறவில்லை. நோட்டில் பக்கம் தீர்ந்துபோனது, அவ்வளவுதான்.

இப்போது கனடாவுக்கு வருகிறேன். டொராண்டோவிலும் பிராம்ப்டனிலும் இருக்கிற என் பிள்ளைகளே, அந்த நாளை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை. விடியற்காலை 4:45 மணி வாக்கில் ரோஜர்ஸ் என்ற பெரிய கம்பெனியின் நெட்வொர்க் மொத்தமாகப் படுத்தது. மொபைல், வீட்டு இன்டர்நெட், லேண்ட்லைன் எல்லாம் ஒரே நேரத்தில். 1 கோடியே 20 லட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள். அந்த நாட்டின் மக்கள்தொகையே அப்போது 4 கோடிக்குச் சற்றுக் குறைவு. ரோஜர்ஸ் வாடிக்கையாளர் இல்லாதவரும் தப்பவில்லை. இன்டராக் என்ற அவர்களுடைய டெபிட் கார்டு ஏற்பாடு ரோஜர்ஸை நம்பியிருந்தது, அதனால் நாடு முழுக்கக் கடைகளில் டெபிட் கார்டு ஓடவில்லை. டொராண்டோக்காரரான 'தி வீக்எண்ட்' என்ற பாடகர் அன்று இரவு சொந்த ஊரில் பெரிய கச்சேரி நடத்த இருந்தார். தள்ளிவைத்துவிட்டார்கள். அரங்கத்தின் பெயர் ரோஜர்ஸ் சென்டர்! இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாத ஒன்று உண்டு. அவசர உதவிக்கு 911 அடித்தவர்கள் பலருக்கு அழைப்பு போகவில்லை.

இது ஏன் நடந்தது? பழைய ரவுட்டராலா? போக்குவரத்து நெரிசலாலா? இல்லவே இல்லை. நெட்வொர்க்கின் மையத்தை மேம்படுத்துகிற வேலை ஏழு கட்டமாக நடந்துகொண்டிருந்தது. ஆறாவது கட்டத்தில், கோர் ரவுட்டருக்கு முன்னால் நிற்கிற விநியோக ரவுட்டர்களில் ஒரு வடிகட்டியை எடுத்துவிட்டார்கள். எந்த வழித் தகவல் உள்ளே போகலாம், எது போகக் கூடாது என்று பிரிக்கிற வடிகட்டி அது. எடுத்ததும் வழித் தகவல்கள் வெள்ளமாகக் கோர் ரவுட்டர்களுக்குள் பாய்ந்தன. நினைவகமும் செயலியும் தாங்கவில்லை. நிமிஷங்களில் சுருண்டு விழுந்தன. ஆர்.எம்.எஸ். கதைப்படி சொன்னால், கடிதம் பிரிக்கிற கைகள் நன்றாகத்தான் இருந்தன. பட்டியல் எழுதுகிறவர் மயங்கி விழுந்தார். 260 டெராபிட் கையை மாட்டியிருந்தாலும் அவர் மயங்கித்தான் இருப்பார்.

பெங்களூரு தம்பி, உன் கட்சி இங்கே முதல் அடி வாங்குகிறது. நோட்டைப் பெரிதாக்கலாம், சரி. ஆனால் வரம்பே இல்லாமல் உள்ளே விடுகிற கதவுக்கு எந்த நோட்டும் போதாது. அளவுக்கு மீறி வந்தால் நிறுத்து என்று ஒரு வரம்பு அந்தக் கோர் ரவுட்டர்களில் வைக்கப்படவில்லை. வரம்பு வைக்கப் பெரிய பெட்டி வாங்கத் தேவையில்லை. சில வரிக் கட்டளை போதும்.

சரி, விழுந்தது. உடனே எழுப்ப வேண்டியதுதானே? கனடாவின் தொலைத்தொடர்பு ஒழுங்காற்று ஆணையமான சிஆர்டிசி, ஜோனா பார்ட்னர்ஸ் என்ற நிறுவனத்தைக் கொண்டு ஆராய்ந்து 2024-ல் வெளியிட்ட சுருக்க அறிக்கையில் இதற்குப் பதில் இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ரவுட்டர்களைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்துகிற நிர்வாக நெட்வொர்க்கும் அதே கோர் ரவுட்டர்களை நம்பித்தான் இருந்தது. பூட்டிய வீட்டுக்குள்ளேயே சாவியை வைத்த கதை. பொறியாளர்கள் ஒருவரோடு ஒருவர் பேச வைத்திருந்ததும் அதே கம்பெனியின் மொபைல்தான். அதுவும் செத்துக் கிடந்தது. போட்டிக் கம்பெனிகளின் சிம் கார்டுகளைத் தங்கள் ஆட்களுக்கு அனுப்பி வைத்த பிறகுதான் பேச முடிந்தது. காரணம் என்ன என்று கண்டுபிடிக்கவே சுமார் 14 மணி நேரம். சேவை திரும்பச் சுமார் 26 மணி நேரம்.

தீயணைப்பு நிலையத்துக்குள்ளேயே தீப்பிடித்து, வண்டிச் சாவி அந்தத் தீக்குள் கிடந்தால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு அமைப்பை யார் வரைந்தார்கள்? ஏன் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை?

இன்னொன்றையும் அந்த அறிக்கை சொல்கிறது. என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். அந்த ஏழு கட்ட வேலையை முதலில் "அதிக ஆபத்து" என்றுதான் குறித்திருக்கிறார்கள். முதல் ஐந்து கட்டம் நன்றாக முடிந்ததால், ஆபத்தை மதிப்பிடும் கணக்கு முறை ஆறாவது கட்டத்தைக் "குறைந்த ஆபத்து" என்று இறக்கிவிட்டது. அதனால் கூடுதல் ஆய்வும் கண்காணிப்பும் இல்லாமல் போயிற்று. ஐந்து பரீட்சையில் பாஸ் ஆனவன் ஆறாவது பரீட்சைக்குப் படிக்காமலே பாஸ் ஆகிவிடுவானா? காசைச் சுண்டி ஐந்து முறை தலை விழுந்தால் ஆறாவது முறை பூ விழாதா? நிகழ்தகவு நடத்தும்போது கரும்பலகையை உடைக்காத குறையாக எத்தனை முறை சொன்னேன்!

இப்போது தங்கை மகனுக்கு வருகிறேன். "எல்லாம் ஒரே நெட்வொர்க்" என்றாயே. அங்கே மொபைலுக்கும் வீட்டு இன்டர்நெட்டுக்கும் ஒரே மையம்தான். செலவு மிச்சம், நிர்வாகம் சுலபம், வேகம் நன்றாக இருக்கும் என்று சொல்லித்தான் அப்படிச் செய்தார்கள். ஒரே கம்பெனியில் மொபைல், டிவி, இன்டர்நெட் எல்லாம் வாங்கினால் தள்ளுபடி என்று மக்களையும் இழுத்தார்கள். மக்கள் மூன்று சேவை வாங்கியதாக நினைத்தார்கள். உண்மையில் வாங்கியது ஒன்றைத்தான். அந்த ஒன்று விழுந்த அன்று மூன்றும் விழுந்தது.

போட்டிக் கம்பெனிகள் உதவிக்கு வரவில்லையா? பெல், டெலஸ் இரண்டும் கை நீட்டின. பயனில்லை என்றது ரோஜர்ஸ். மையமே செத்துக் கிடக்கும்போது வாடிக்கையாளரை அந்தப் பக்கம் மாற்றிவிட வழியில்லை. 1 கோடி மொபைல்காரர்கள் திடீரென வந்தால் அடுத்தவர் நெட்வொர்க்கும் தாங்காது. 911 விஷயம் இன்னும் கொடுமை. டவர்களில் ரேடியோ மட்டும் உயிரோடு இருந்தது, பின்னால் மையம் இல்லை. டவர் இருக்கிறதே என்று போன் அதையே பிடித்துக்கொண்டு நின்றது. அடுத்த கம்பெனி டவருக்குத் தாவியிருந்தால் அவசர அழைப்பாவது போயிருக்கும். அரைகுறையாக உயிரோடு இருப்பது முழுதாகச் சாவதைவிட ஆபத்து என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

இது ஏதோ ஒரு நாட்டில் ஒருமுறை நடந்த விபத்து என்பீர்கள். அடுத்த வருஷம் 2023 நவம்பர் 8, ஆஸ்திரேலியா. அதுவும் 8-ஆம் தேதி, அதுவும் விடியற்காலை 4 மணி. (ஊர் தூங்கும் நேரத்தில்தான் நெட்வொர்க்கில் கை வைப்பார்கள். அதனால் நேரம் ஒத்துப்போவதில் மாயம் ஒன்றுமில்லை.) ஆப்டஸ் என்ற கம்பெனி விழுந்தது. சுமார் 1 கோடி வாடிக்கையாளர்கள், சுமார் 14 மணி நேரம். மெல்போர்னில் காலையில் மின்சார ரயில்கள் கொஞ்ச நேரம் நின்றே போயின. மருத்துவமனைகளின் போன்கள் ஊமையாயின.

இங்கே நடந்ததைக் கவனியுங்கள், கனடாவுக்கு நேர் எதிர். தாய்க் கம்பெனியின் சர்வதேச இணைப்பில் ஒரு மென்பொருள் மேம்படுத்தலுக்குப் பிறகு, வேறு பாதை வழியாக ஏராளமான வழித் தகவல்கள் வந்தன. ஆப்டஸின் ரவுட்டர்களில் வரம்பு இருந்தது. வரம்பு தாண்டியதும் சுமார் 90 ரவுட்டர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தாங்களே நெட்வொர்க்கிலிருந்து துண்டித்துக்கொண்டன. எல்லாம் ஒரே நேரத்தில்! தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த அதே வரம்பு, மாற்றாமல் அப்படியே இருந்தது என்று பிறகு நாடாளுமன்ற விசாரணையில் தெரிந்தது. தொலைவிலிருந்து சரி செய்ய முடியவில்லை, ஆட்கள் நேரில் போய் எழுப்ப வேண்டியிருந்தது.

அன்று அங்கே அவசர எண் 000-க்கு அடித்து இணைப்புக் கிடைக்காதவர்கள் 2,145 பேர் என்று ஒழுங்குமுறை அமைப்பு கணக்கெடுத்தது. தலைமை நிர்வாகி 12 நாளில் பதவி விலகினார். 2024-ல் 1 கோடியே 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் அபராதம். பாடம் படித்தார்களா? 2025 செப்டம்பர் 18-ஆம் தேதி, அதே கம்பெனியில் ஃபயர்வால் மேம்படுத்தும்போது மறுபடி நூற்றுக்கணக்கான 000 அழைப்புகள் போகவில்லை. இந்தத் தடவை உயிரிழப்புகளோடு சேர்த்துப் பேசப்பட்டது. யாரோ ஒரு வீட்டில், யாரோ ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

இனி நீங்கள் சொல்லப்போகிற சமாதானங்களை நானே சொல்லிப் பதிலும் சொல்லிவிடுகிறேன்.

"சார், அது யாரோ ஒருத்தர் பண்ண தப்பு. மனிதத் தவறு." ஒரு பையன் ஃபெயிலானால் பையன் சரியில்லை. வகுப்பே ஃபெயிலானால் வாத்தியார் சரியில்லை. இதை நான் பணியில் இருந்தபோதே ஒப்புக்கொண்டவன். ஒரு வரிக் கட்டளை ஒரு நாட்டை ஊமையாக்க முடியும் என்றால், தப்பு அந்த வரியை அடித்த விரலில் இல்லை. அப்படி ஒரு வரிக்கு அவ்வளவு அதிகாரம் கொடுத்த அமைப்பில் இருக்கிறது. ராத்திரி கண் விழித்து வேலை பார்க்கிற பிள்ளையைப் பலி கொடுத்துவிட்டு மேலே இருப்பவர்கள் தப்பிப்பதை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன்.

"இரண்டாவது வழி வைத்தால் செலவு இரண்டு மடங்கு." வா, கணக்கே போடுவோம். அந்த ஒரு நாளுக்காக ரோஜர்ஸ் வாடிக்கையாளர்களுக்கு ஐந்து நாள் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதற்கு ஆன தொகை சுமார் 15 கோடி கனடிய டாலர். மொபைல் மையத்தையும் இன்டர்நெட் மையத்தையும் தனித்தனியாகப் பிரிக்கக் குறைந்தது 25 கோடி டாலர் ஆகும் என்று அதன் தலைமை நிர்வாகியே நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். விழுந்த பிறகு பிரிக்கிறோம் என்று அறிவித்தார்கள். ஆக, முன்பே செய்திருந்தால் 25. பிறகு செய்ததால் 15-ம் 25-ம், மேலே கெட்ட பெயரும். மூடிய கடைகளின் நஷ்டமும் 911 கிடைக்காதவரின் நிமிஷங்களும் அந்தக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்திலேயே இல்லை. என் கோபம் அங்கேதான். உபரி வைக்காததால் வருகிற லாபம் கம்பெனிக்கு, உபரி இல்லாததால் வருகிற நஷ்டம் கவுன்ட்டர் முன்னால் நிற்கிற கிழவிக்கு. இது எந்த ஊர்க் கணக்கு?

காரில் ஸ்டெப்னி வைக்கிறோம். வருஷம் முழுக்கச் சும்மாதான் கிடக்கிறது. அதை வீண் என்று யாராவது கழற்றி விற்றோமா?

"அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்." கனடாவில் அமைச்சர் 60 நாள் கெடு வைத்தார், செப்டம்பரில் கம்பெனிகள் ஒப்பந்தம் போட்டன. ஒருவர் விழுந்தால் மற்றவர் அவசர அழைப்புகளைத் தாங்குவது, ஒருவருக்கொருவர் உதவுவது, மக்களுக்கு உடனே தகவல் சொல்வது என்று. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அதே நாட்டில், விழுந்து ஒரு வருஷம் ஆவதற்குள், 2023 மார்ச்சில், அதே ரோஜர்ஸ் 2,600 கோடி டாலர் மதிப்பில் ஷா என்ற இன்னொரு பெரிய கம்பெனியை விழுங்கவும் அனுமதித்தார்கள். ஒரு கூடையில் இருந்த முட்டை உடைந்தது. உடனே என்ன செய்தோம்? பக்கத்துக் கூடை முட்டையையும் அந்தக் கூடைக்காரரிடமே கொடுத்தோம்.

எனக்குப் பெரிய ரவுட்டர் மேல் கோபமில்லை. வாங்குங்கள், தேவைதான். ஆனால் பெட்டி பெரிதாக ஆக, அதில் தொங்குகிற வீடுகளும் கூடும். 10 சின்ன ரவுட்டர் செய்த வேலையை ஒரு பெரிய ரவுட்டர் செய்யும்போது, அது விழுந்தால் 10 மடங்கு வீடுகள் இருண்டுபோகும். பெட்டியின் அளவு கூடும்போதெல்லாம் காப்பின் அளவும் கூட வேண்டும். நம் நாட்டிலும் ரேஷன் முதல் ஓய்வூதியம் வரை கம்பிக்குள் போய்விட்ட காலத்தில், இதைக் கேட்கிற உரிமை நம் எல்லோருக்கும் உண்டு.

வீட்டுப்பாடம் கொடுக்காமல் விட்டால் நான் வாத்தியாரே இல்லை.

நெட்வொர்க் வேலையில் இருக்கிற என் பிள்ளைகளுக்கு: உங்கள் நிர்வாக நெட்வொர்க், பிரதான நெட்வொர்க் செத்தாலும் வேலை செய்யுமா என்று நாளைக்கே கேளுங்கள். உங்கள் குழுவின் கையில் வேறு கம்பெனி சிம் இருக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டர்களில் வரம்பு இருக்கிறதா, அந்த வரம்பு தாண்டினால் மிச்சத்தை மட்டும் தள்ளுமா அல்லது ரவுட்டரே கதவடைக்குமா என்று சோதியுங்கள். ஆறாவது கட்டம் என்பதற்காக ஆபத்தைக் குறைத்துப் போடாதீர்கள். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டும்போது கை தூக்கிக் கேள்வி கேளுங்கள். என் வகுப்பில் கேள்வி கேட்டவனை நான் ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை.

அலுவலகங்களில் அதிகாரிகளாக இருக்கிற பிள்ளைகளுக்கு: "நெட் இல்லை" என்பது பதில் ஆகாது. நெட் இல்லாத நாளில் ஒரு நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, பிறகு கணினியில் ஏற்றுகிற ஒரு ஏற்பாடு இருக்கட்டும். கண்ணெதிரே நிற்கிற மனிதர் உயிரோடு இருப்பதை நம்ப ஒரு கம்பி தேவைப்படக் கூடாது.

உறவுகளுக்கு: வீட்டு இன்டர்நெட்டும் எல்லோருடைய மொபைலும் ஒரே கம்பெனியாக இருந்தால், ஒருவர் போனையாவது வேறு கம்பெனிக்கு மாற்றுங்கள். தள்ளுபடி போனால் போகட்டும். பீரோவில் கொஞ்சம் ரொக்கம் வையுங்கள். மகன், மகள், மருத்துவர் நம்பர்களை ஒரு நோட்டில் எழுதிச் சுவரில் மாட்டுங்கள். பாட்டிக்கு எழுத்துத் தெரியும்படி பெரிதாக எழுதுங்கள்.

பெங்களூரு தம்பி, என் தங்கை மகனே, உங்கள் இருவர் மேலும் வருத்தமில்லை. நீங்கள் எழுதியதால்தான் நான் இவ்வளவு படித்தேன். பதில் இருந்தால் எழுதுங்கள், தப்பென்றால் திருத்திக்கொள்கிறேன். ஆனால் "ரவுட்டர் பெருசு சார்" என்று மட்டும் மறுபடி எழுதாதீர்கள்.

நான் மறுநாள் மறுபடி போனேன். நெட் இருந்தது. இரண்டு நிமிஷத்தில் நான் உயிரோடு இருப்பதாக முடிவாயிற்று. அந்தக் கைத்தடி அம்மா அன்று வந்தாரா என்று தம்பியிடம் கேட்டேன். வரவில்லை என்றான்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்